புதுப்பிப்பு: வெள்ளத்தில் கூட்டுக் குடிநீர்த் திட்டம் – ஒரு திருத்தம்

முந்தைய இழையில், வெள்ளம் வருமுன் பம்பை நிறுத்தி, ஆற்றைக் கடக்கும் குழாயைக் காலி செய்து வைக்கலாம் என்று எழுதியிருந்தேன். அது தவறு. காலியான குழாய் மிதக்கும். 600 மி.மீ. வெளிவிட்டமுள்ள குழாயை நீர் ஒரு மீட்டருக்குச் சுமார் 283 கிலோ மேலே தள்ளும், 8 மி.மீ. தடிமனுள்ள எஃகுக் குழாயின் எடையோ மீட்டருக்கு 117 கிலோதான். மேலிருக்கும் மணலை வெள்ளம் அரித்துவிட்டால் குழாய் எழும்பி, இணைப்பில் உடையும். எனவே இரு கரை வால்வுகளையும் மூடி, குழாயில் நீர் நிறைந்தபடியே விடுங்கள். கான்கிரீட் உறை இருந்தாலும் அதன் அடியில் அரிப்பு உண்டா என்று வெள்ளம் வடிந்ததும் பாருங்கள்.

நனைந்த மோட்டாரை வெயிலில் காயவைத்தால் போதுமா என்று கேட்டிருந்தார்கள். போதாது. குறைந்த மின்னழுத்த மோட்டார் என்றால், சுருளின் மின்காப்பு எவ்வளவு தாங்குகிறது என்று 500 வோல்ட் மெக்கரில் (மின்காப்பு எதிர்ப்பை அளக்கும் கருவி) பாருங்கள். 1 மெகாஓமுக்குக் கீழே காட்டினால் ஸ்டார்ட் செய்யவே கூடாது. சுழல்தண்டையும் (ஷாஃப்ட்) கையால் சுற்றிப் பாருங்கள், உள்ளே வண்டல் இறுகியிருக்கும்.

கலங்கல் நீரைத் தெளியவைக்கப் போடும் படிகாரத்தின் அளவைப் பழைய பதிவேட்டைப் பார்த்துப் போடாதீர்கள். கலங்கல் மணிக்கு மணி மாறும், ஜார் சோதனைதான் (சில ஜாடி நீரில் வெவ்வேறு அளவு படிகாரம் போட்டு எது தெளிகிறது என்று பார்ப்பது) வழி. லிட்டருக்கு 40 மி.கி. என்றால் நாளொன்றுக்கு 1 கோடி லிட்டருக்கு 400 கிலோ. அது லிட்டருக்குச் சுமார் 20 மி.கி. காரத்தன்மையையும் (அமிலத்தை ஈடுகட்டும் நீரின் திறன்) தின்றுவிடும். மழைநீர் கலந்த ஆற்றில் காரத்தன்மை ஏற்கெனவே குறைவு. சுண்ணாம்பு சேர்க்காவிட்டால் அழுக்கு ஒன்றுசேர்ந்து படியும் திரள் கட்டாது. பலர் படிகாரத்தை மேலும் கூட்டிக் கெடுப்பது இங்கேதான்.