குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கும் முடிவு எப்படி எடுக்கப்படுகிறது?

கேள்வி (சமூகப்பணி மாணவி)

வணக்கம். வகுப்பில் ஒரே வழக்குக் குறிப்பை எங்கள் எல்லோருக்கும் கொடுத்தபோது, குழந்தையை உடனே வேறிடத்துக்கு மாற்ற வேண்டும் என்று சிலரும், குடும்பத்துக்கு உதவி செய்தால் போதும் என்று சிலரும் எழுதினோம். அப்படியானால் களத்தில் எடுக்கப்படும் முடிவு குழந்தையின் நிலையைப் பொறுத்ததா, வந்து பார்க்கும் பணியாளரைப் பொறுத்ததா? அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1 (களப்பணியாளர்)

இதில் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. குழந்தைக்கு எவ்வளவு ஆபத்து என்பது ஒன்று. எவ்வளவு ஆபத்து இருந்தால் தலையிட வேண்டும் என்பது மற்றொன்று. முதலாவதில் ஒத்துப்போகும் இருவர் இரண்டாவதில் வேறுபடலாம். கவனித்துவந்த குழந்தை ஒன்று அண்மையில் இறந்துபோயிருந்தால், அந்த அலுவலகத்தில் சிறிய ஐயத்துக்கும் பிரித்துவிடத் தோன்றும். காப்பகங்களில் இடமில்லாத காலத்தில் அதே ஐயம் போதாததாகத் தெரியும். ஆகவே இரண்டுக்குமான காரணங்களை அறிக்கையில் தனித்தனியே எழுதுங்கள்.

அதைவிட என்னைக் கவலைப்பட வைப்பது முதல் எண்ணத்தின் பிடி. பிரிட்டனில் 1973 முதல் 1994 வரை வெளியான குழந்தை வதை குறித்த 45 விசாரணை அறிக்கைகளை ஆராய்ந்து, சமூகப்பணி ஆய்வாளர் ஐலீன் மன்றோ 1999இல் எழுதிய கட்டுரை, பணியாளர்கள் தாங்கள் ஏற்கெனவே கொண்ட கருத்தை மாற்றிக்கொள்ளத் தயங்குவதைச் சுட்டிக்காட்டியது. தவழக்கூடத் தொடங்காத கைக்குழந்தையின் உடல் அடிபட்டுக் கன்றியிருப்பது தற்செயலாக நேர்வது அரிது. ஆனால் ‘பொறுப்பான தாய்’ என்று கோப்பில் முன்பே எழுதியிருந்தால், ‘கட்டிலில் இடித்துக்கொண்டது’ என்ற விளக்கத்தை மேற்கொண்டு கேளாமல் ஏற்றுவிடுகிறோம். என் கருத்து தவறென்றால் எந்த அறிகுறி தென்பட வேண்டும் என்று ஒவ்வொரு சந்திப்புக்கு முன்பும் எழுதி வைத்துக்கொண்டு, அதையே தேடிப் பார்ப்பது நல்லது.

மறுமொழி 2 (வழக்கறிஞர்)

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் பணியாளரின் மனப்போக்குக்கே முழுதும் விட்டுவிடப்பட்ட முடிவல்ல இது. 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 9ஆம் பிரிவு, பிரிப்பது குழந்தையின் நலனுக்கு அவசியமாக இருக்க வேண்டும் என்பதோடு, அந்த முடிவு நீதித்துறையின் மறு ஆய்வுக்கு உட்பட வேண்டும் என்றும் கூறுகிறது. வறுமை மட்டுமே பிரிப்பதற்குக் காரணமாகக் கூடாது என்று 2009இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற மாற்றுப் பராமரிப்பு (பெற்றோரிடமல்லாமல் வேறிடத்தில் குழந்தையை வளர்ப்பது) வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. உணவில்லாத வீட்டையும், உணவிருந்தும் குழந்தைக்குக் கொடுக்காத வீட்டையும் ‘புறக்கணிப்பு’ என்ற ஒரே சொல்லால் குறிக்கும் அறிக்கைகளைப் படிக்கும்போது மனம் பதறுகிறது. ‘தாய் ஒத்துழைக்கவில்லை’ என்று தீர்ப்பெழுதாமல், ‘கதவைப் பாதி திறந்து, குழந்தை தூங்குவதாகச் சொன்னார்’ என்று கண்டதை எழுதினால்தான் நீதிமன்றம் அதை எடைபோட முடியும்.

மறுமொழி 3 (மேற்பார்வையாளர்)

மதிப்பெண் இடும் இடர் மதிப்பீட்டுப் படிவங்களையும் நீங்கள் பயன்படுத்த நேரும். ஒத்த சூழலிலுள்ள பல குடும்பங்களில் பொதுவாக என்ன நடந்தது என்பதையே அவை சொல்கின்றன. உங்கள் முன் நிற்கும் குழந்தைக்கு நாளை என்ன நேரும் என்பதை அவற்றால் உறுதியாகச் சொல்ல முடியாது. இருந்தாலும், கேட்க மறந்த கேள்விகளை நினைவூட்டுவதால் அவற்றை ஒதுக்க வேண்டாம்.

குழந்தையைத் தனியாகச் சந்திக்காமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள். பதில் சொல்லும் முன் தந்தையின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசும் குழந்தை, அவர் இல்லாத இடத்தில் வேறு மாதிரி பேசக்கூடும். உங்கள் வகுப்பில் கொடுத்த குறிப்பில் அந்தக் குழந்தை சொன்ன சொல் ஏதேனும் இருந்ததா என்று பாருங்கள்.