30,000 ரூபாயில் வீட்டு ஒலிப்பதிவு: குரலுக்கும் வீணைக்கும் எதை முதலில் வாங்குவது?

ஒருகட்டை கேட்டது:

வணக்கம். கர்நாடக இசை வாய்ப்பாட்டு, சுருதி ஒரு கட்டை (மேற்கத்திய C). தங்கை வீணை, மூன்று கட்டையில் (E) வாசிப்பாள். இரண்டையும் தனித்தனியாகத்தான் பதிவு செய்யப் போகிறோம். அறை 10 அடிக்கு 12 அடி, உயரமும் 10 அடி. டைல்ஸ் தரை, ஒரு கண்ணாடி ஜன்னல், வெளியே தெரு.

கடையில் 28,000-க்கு ஒரு செட் சொல்கிறார்கள்: இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி), கண்டென்சர் மைக் (மின்சாரம் கொடுத்தால் இயங்கும் வகை), 4 இஞ்ச் ஸ்பீக்கர் ஒரு ஜோடி, ஹெட்ஃபோன், சுவரில் ஒட்ட 24 ஃபோம் துண்டுகள். வாங்கலாமா?

இரவல் வாங்கிய இன்டர்ஃபேஸிலும் எஸ்எம்58 மைக்கிலும் சோதித்ததில் மூன்று பிரச்சினைகள். அறை எதிரொலிக்கிறது. கீழே இறங்கும்போது சில ஸ்வரங்கள் மட்டும் ஊதிப்போய்க் கேட்கின்றன. பின்னணியில் 'ர்ர்ர்' என்று ஒரு இரைச்சல் விடாமல் வருகிறது. எதில் தொடங்குவது?

---

பஞ்சுமெத்தை பதில்:

அந்த செட் வேண்டாம். ஸ்பீக்கருக்கும் ஃபோமுக்கும் போகும் பணம் இப்போது உங்களுக்குப் பயன்படாது. முதல் செலவு அறைக்குத்தான், அதுவும் பெரிய செலவில்லை.

சில ஸ்வரங்கள் ஊதுவதற்குக் காரணம் அறையின் அளவு. அகலமும் உயரமும் ஒரே 10 அடி. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே 57 ஹெர்ட்ஸ் பக்கத்திலும் அதன் இரட்டிப்பான 114 பக்கத்திலும் ஒலி தேங்கும். அகலத்தில் தேங்குவதும் உயரத்தில் தேங்குவதும் ஒரே இடத்தில் விழுவதால் ஒன்றுக்கொன்று பலம் சேர்த்துக்கொள்கின்றன. ஒரு கட்டையில் மந்திர ஸ்தாயி (கீழ் ஸ்தாயி) சதுச்ருதி தைவதம் சுமார் 110, கைசிகி நிஷாதம் சுமார் 116. நீங்கள் சொல்லும் ஸ்வரங்கள் இவைதானா என்று பாடிப் பாருங்கள்.

அறைக்கு நடுவில் உட்கார்ந்து பாடினால் இந்த 114 உச்சத்தில் இருக்கும். சுவரிலிருந்து கால் பங்கு தூரத்தில், அதாவது இரண்டரை அடியில், மிகக் குறைவு. ஆகவே மைக் 12 அடி நீளச் சுவர் ஒன்றிலிருந்து இரண்டரை, மூன்று அடிக்குள் நிற்கட்டும். நீங்கள் அந்தச் சுவருக்கு முதுகு காட்டி, மைக்கைப் பார்த்து உட்காருங்கள். நீளவாக்கிலும் சரிபாதியான ஆறடியைத் தவிர்த்துவிடுங்கள்.

இனி எதிரொலி. கார்டியாய்டு மைக் (எஸ்எம்58 போன்ற ஒருதிசை மைக்) முன்பக்கம் கேட்கும், பின்பக்கம் அவ்வளவாகக் கேட்காது. அதன் முன்பக்கத்தில் இருப்பது நீங்களும் உங்கள் முதுகுக்குப் பின்னால் உள்ள சுவரும். மூட வேண்டியது அந்தச் சுவரைத்தான். மைக்குக்குப் பின்னால் அரைவட்டமாக ஃபோம் தடுப்பு வைப்பதால் அதிகப் பலனில்லை. வீட்டில் பழைய இலவம்பஞ்சு மெத்தை இருந்தால் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி நிறுத்தி வையுங்கள். பக்கவாட்டில் தடித்த ரஜாயைக் கொடியில் இரட்டையாக மடித்துத் தொங்கவிடலாம். தரையில் ஜமுக்காளம் இரண்டு அடுக்கு. கோரைப்பாய் எதையும் உறிஞ்சாது.

ஒரு இஞ்ச் ஃபோம் கூர்மையான ஒலியை மட்டும் தின்னும். அடித்தொனி அப்படியே நிற்பதால் அறை முன்பைவிட மந்தமாகக் கேட்கும். முட்டை அட்டையால் அதுகூட நடக்காது. பின்னால் பணம் வந்தால் கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தியுள்ள, 50 மில்லிமீட்டர் ராக்வூல் (கல் நார்) பலகைகளை மரச்சட்டத்தில் வைத்துப் பருத்தித் துணியால் மூடிக்கொள்ளலாம். வெட்டும்போது முகக்கவசமும் கையுறையும் கட்டாயம்.

மெத்தையும் ராக்வூலும் தெருச் சத்தத்தைத் தடுக்காது. அதற்கு ஜன்னல் சட்டத்து இடைவெளியில் ரப்பர் பட்டை ஒட்டுங்கள், விடிவதற்கு முன் பதிவு செய்யுங்கள்.

மைக் என்று வந்தால், இப்படிப்பட்ட அறைக்கு எஸ்எம்58 போன்ற டைனமிக் வகைக்குத்தான் என் ஓட்டு. கண்டென்சர் தெருவையும் சேர்த்து இழுக்கும்.

---

மெட்டும்மெழுகும் பதில்:

பஞ்சுமெத்தை அறையைப் பற்றிச் சொன்னதெல்லாம் சரி. கடைசி இரண்டு வரியை மட்டும் மறுக்கிறேன். 'கண்டென்சர் தூரத்துச் சத்தத்தை இழுக்கும்' என்று எல்லோரும் சொல்கிறார்கள். எஸ்எம்58 ஒரு பாஸ்கல் ஒலி அழுத்தத்துக்கு 1.85 மில்லிவோல்ட் தரும். ஆடியோ டெக்னிகா ஏடி2020 என்ற கண்டென்சர் தருவது 14.1. வித்தியாசம் 17 டெசிபலுக்குக் கொஞ்சம் மேல். ஆனால் அந்த 17 குரலுக்கும் கூடும், தெருவில் போகும் ஆட்டோவுக்கும் கூடும், விகிதம் மாறாது. விகிதத்தை மாற்றுவது தூரம். எஸ்எம்58-ஐ வாயருகே நான்கு விரலில் வைத்துப் பாடுகிறோம், கண்டென்சரை ஒன்றரை அடி தள்ளி வைக்கிறோம். கண்டென்சருக்குக் கெட்ட பெயர் வந்தது இதனால்தான். தூரத்தைப் பாதியாக்கினால் குரல் 6 டெசிபல் ஏறும், அறை ஒலி அப்படியே நிற்கும்.

இங்கே வீணையும் இருப்பதால் கண்டென்சர்தான் வாங்க வேண்டும். வீணை மெல்லிய ஒலி. ஒரு அடிக்கு மேல் தள்ளி எஸ்எம்58 வைத்தால் கெயினை (மைக் ஒலியைப் பெருக்கும் திருகு) கடைசிவரை திருக வேண்டிவரும், 'ஸ்ஸ்' இரைச்சலும் கூடவே ஏறும். ஏடி2020 வகையில் ஒன்று வாங்கினால் குரலுக்கும் அதுவே போதும். குரலுக்கு ஆறிலிருந்து எட்டு இஞ்ச், நடுவே பாப் ஃபில்டர் (மூச்சுக் காற்றைத் தடுக்கும் வலை), மைக் வாய்க்கு நேராக இல்லாமல் மூக்கு உயரத்திலிருந்து சற்றுக் கீழ்நோக்கி.

வீணைக்கு 14 முதல் 18 இஞ்ச் தூரத்தில், முன்பக்கம் சற்று மேலிருந்து, குதிரைக்கும் மீட்டும் விரலுக்கும் நடுவே உள்ள பலகையைப் பார்த்து வையுங்கள். நேராகக் குதிரையைப் பார்த்தால் தகரம் தட்டியது போல் வரும். தண்டிப் பக்கம் நகர்த்தினால் கமகத்துக்குக் கம்பியை இழுக்கும்போது மெட்டில் உரசும் சத்தம் ராகத்தை மூடிவிடும். குடம் தரையில் உட்கார்ந்திருப்பதால் அதிர்வு தரை வழியாக ஸ்டாண்டுக்கு ஏறும். ஸ்டாண்டின் கால்களுக்கு அடியில் தடித்த ரப்பர் விரிப்பு போடுங்கள்.

பலர் கவனிக்காத ஒன்று: லோ-கட்டை (ஓர் அளவுக்குக் கீழுள்ள அடித்தொனியை வெட்டும் வசதி) 80 ஹெர்ட்ஸில் போடும் பழக்கம் குரலுக்குச் சரி, உங்கள் மந்திரப் பஞ்சமமே 98-இல்தான் இருக்கிறது. மூன்று கட்டை வீணையின் அனுமந்திர (மந்திரத்துக்கும் கீழ் ஸ்தாயி) பஞ்சமக் கம்பி சுமார் 62 ஹெர்ட்ஸ். 80-இல் வெட்டினால் அந்தக் கம்பியின் உடம்பே போய்விடும். வீணைக்கு 40-ஐத் தாண்டாதீர்கள்.

பதிவு 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். தார ஸ்தாயியில் மிகச் சத்தமான பிடியைப் பாடி, உச்சம் மைனஸ் 12 முதல் மைனஸ் 10 டெசிபல் வரை வரும்படி கெயினை வையுங்கள். 24 பிட்டில் குறைவாக எடுத்தால் பிறகு ஏற்றிக்கொள்ளலாம். சுழியத்தில் மோதி உடைந்ததைத் திருப்ப முடியாது. தம்பூராவை ஸ்பீக்கரில் ஓட விடாதீர்கள். மூடிய வகை ஹெட்ஃபோனில் மட்டும் கேட்டுப் பாடிவிட்டு, பதிவில் தனித் தடமாகச் சேருங்கள்.

---

மூன்றாம்பின் பதில்:

'ர்ர்ர்' இரைச்சலுக்குப் புதிதாக எதுவும் வாங்கும் முன் இந்த வரிசையில் பாருங்க.

முதல்ல லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிட்டு பேட்டரியில் ஓட்டுங்க. சத்தம் நின்னா, குற்றம் எர்த்தில் அல்லது சார்ஜரில். சார்ஜர் இரண்டு பின் உள்ளதா, மூன்று பின் இருந்தும் பிளக் பாயின்ட்டில் எர்த் வரலையான்னு பார்க்கணும். எலக்ட்ரீஷியனை வைத்து மீட்டரில் அளக்கச் சொல்லுங்க: ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 230 பக்கம் வரணும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஓரிரு வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது. சத்தத்தை நிறுத்துறதுக்காக எர்த் பின்னை உடைக்கிறது உயிருக்கு ஆபத்து, யார் சொன்னாலும் செய்யாதீங்க.

சார்ஜரைப் பிடுங்கியும் நிக்கலைன்னா ஃபேன் ரெகுலேட்டர். சுற்றிக்கொண்டே போகும் பழைய எலக்ட்ரானிக் வகையும் விளக்கு டிம்மரும் மின்சார அலையை வெட்டி விடும், அதுதான் கேபிளில் ஏறுது. ஃபேனை அணைத்துப் பாருங்க. ஸ்டெப் ஸ்டெப்பா நிற்கும் கெப்பாசிட்டர் ரெகுலேட்டர் மாட்டினால் போதும். கரண்ட் போனப்போ ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் பதிவு செய்தாலும் இதே கதிதான்.

கண்டென்சர் வந்த பிறகு, இன்டர்ஃபேஸ் அதுக்குத் தரும் 48 வோல்ட்டை அணைத்து அரை நிமிடம் விட்டுத்தான் கேபிளைக் கழற்றணும். பயன்படுத்தாத நேரம் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோட மூடிய டப்பாவில் வையுங்க, ஈரம் ஏறினா பொரியும் சத்தம் வரும்.

---

ஒருகட்டை:

பேட்டரியில் ஓட்டியதும் இரைச்சல் நின்றுவிட்டது! ஊதுவதும் நிஷாதத்தில்தான். நடுவிலிருந்து மூன்றடிக்கு நகர்ந்ததும் பாதி குறைந்தது. இனி 30,000-ஐ எப்படிப் பிரிப்பது? பழைய பொருள் வாங்கலாமா?

---

மெட்டும்மெழுகும் பதில்:

இன்டர்ஃபேஸும் மைக்கும் சேர்ந்து 20,000-க்குள் நிற்கட்டும். ஒரே ஒரு மைக் உள்ளீடு போதும், ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ போன்றது. மூடிய வகை ஹெட்ஃபோனுக்கு 4,000 வரை. கனமான மூன்று கால் பூம் ஸ்டாண்ட், நல்ல கேபிள், பாப் ஃபில்டர் ஆகியவற்றுக்கு 3,000. இலேசான ஸ்டாண்ட் வாங்கினால் மைக்கின் கனத்தில் கை மெல்லத் தாழ்ந்து, பாட்டு முடிவதற்குள் மைக் வேறு இடத்தில் இருக்கும். மீதி மெத்தைக்கும் எர்த்துக்கும்.

பழைய இன்டர்ஃபேஸ் வாங்கலாம். நேரில் கண்டென்சரை மாட்டி 48 வோல்ட் வருகிறதா பாருங்கள், கெயினைத் திருகும்போது கரகரப்பு இருக்கிறதா கேளுங்கள், யுஎஸ்பி முனையை மெல்ல ஆட்டித் தொடர்பு அறுகிறதா பாருங்கள். பழைய கண்டென்சர் வேண்டாம், ஈரம் பட்டதா என்று வெளியே தெரியாது. எஸ்எம்58-இல் போலிகள் ஏராளம். அசலின் எடை 298 கிராம், தராசில் வைத்துப் பார்த்து வாங்குங்கள்.

மென்பொருளுக்கு இப்போது செலவு வேண்டாம். ஆடாசிட்டி இலவசம். ரீப்பர் 60 நாள் முழுதாகச் சோதிக்கத் தரும். பாடும்போது உங்கள் குரல் தாமதமாகக் காதில் விழுந்தால் இன்டர்ஃபேஸில் டைரக்ட் மானிட்டர் பொத்தானை (மைக் ஒலியைக் கணினி வழியாக இல்லாமல் நேராகக் காதுக்குத் தருவது) போட்டு, மென்பொருளில் அந்தத் தடத்தின் மானிட்டரை அணைத்துவிடுங்கள்.

முதல் வாரம் ஒரே பல்லவி வரியை ஐந்து இடத்தில் மைக் வைத்துப் பதியுங்கள். ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் தூரத்தை வாயால் சொல்லிவிடுங்கள். கேட்கும் முன் ஐந்தின் சத்தத்தையும் சமமாக்குங்கள். ஒரு டெசிபல் கூடுதலாக இருப்பதைக்கூடக் காது 'நல்ல ஒலி' என்று நம்பிவிடும்.