கப் ஸ்லீவ்: உறையா, பட்டையா, காப்பா?

அன்புள்ள குழுவினர்க்கு,

வணக்கம். சூடான பானம் ஊற்றிய பேப்பர் கப்பைச் சுற்றிப் போடும் அட்டை வளையத்துக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்று மூன்று நாளாகப் பேசுகிறோம். வந்த மடல்களை எல்லாம் சேர்த்து ஒருமுறை படித்துவிட்டு இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

பொதி (பேக்கேஜிங்) வடிவமைப்பு படிக்கும் மாணவர்களுக்காக ஒரு கைநூலைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் ஓர் அத்தியாயம் முழுக்க இந்தப் பொருளைப் பற்றியதுதான். பக்கத்துக்கு ஏழெட்டுத் தடவை இந்தச் சொல் வருகிறது. பெயர் உறுதியாகாமல் அத்தியாயத்தை முடிக்க முடியவில்லை.

> கோப்பையுறை போதும். கையுறை, காலுறை, தலையணையுறை எல்லாம் இருக்க, புதிதாக எதற்கு?

என் முதல் வரைவிலும் உறை என்றுதான் இருந்தது. எளிய சொல், எல்லோருக்கும் தெரிந்த சொல். மாற்றியதற்கு இரண்டு காரணங்கள்.

வாளுறை, கடித உறை, கையுறை, தலையணையுறை: இவை எல்லாவற்றிலும் ஒரு பக்கம் அடைத்திருக்கும். பொருள் உள்ளே போய் மறையும். உறை என்றதும் மனத்தில் வருவது பைபோன்ற ஒன்று. நாம் பேசும் பொருளோ இரண்டு பக்கமும் திறந்தது. கப்பின் இடுப்பை மட்டும் சுற்றி நிற்கிறது. மேலும் கீழும் கப் வெளியே தெரிகிறது. 'சூடு தாங்கும் கோப்பையுறை ஒன்றை வரையுங்கள்' என்று மாணவர்கள் மூன்று பேரிடம் சொல்லிப் பார்த்தேன். இருவர் அடியை மூடி வரைந்தார்கள். அவர்கள்மேல் தவறில்லை. சொல் அப்படித்தான் வரையச் சொல்கிறது.

இரண்டாவது காரணம் எழுத எழுதத்தான் தெரிந்தது. உறைதல் என்றால் நீர் பனிக்கட்டி ஆவது. வெப்பத்தைப் பற்றிய அத்தியாயத்தில் 'உறையின் வெப்பநிலை' என்று ஒரு வரி எழுதினேன். மெய்ப்புத் திருத்தத்தில் பார்த்தால் 'இன்' விட்டுப்போய் 'உறை வெப்பநிலை' என்று நிற்கிறது. படிப்பவர் அதை நீர் உறையும் வெப்பநிலை என்றுதான் எடுத்துக்கொள்வார். ஒரு சாரியை விட்டுப்போனதும் பொருள் தலைகீழாகிறது என்றால், சூட்டைப் பற்றிப் பேசும் இடத்தில் அந்தச் சொல்லை நம்பிக்கையோடு வைக்க முடியாது.

உறை பக்கம் நிற்பவர்களுக்கு நியாயமாக ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பிடி இல்லாத சிறிய காப்பிக் கிண்ணத்தை வைத்துப் பிடிக்க, துருக்கியிலும் அரபு நாடுகளிலும் வேலைப்பாடு மிகுந்த ஓர் ஏந்தியைப் பயன்படுத்தினார்கள். அதன் பெயர் ஸார்ஃப். சொல் அரபியிலிருந்து வந்தது. இன்றைய துருக்கிய மொழியில் அதே சொல் கடித உறையையும் குறிக்கிறது! ஆனால் ஸார்ஃபில் கிண்ணம் உள்ளே இறங்கி அமர்கிறது, அடியில் தாங்கலும் உண்டு. அதை உறை என்றாலும் தாங்கி என்றாலும் பொருந்தும். அட்டை வளையத்துக்கு அந்த அடி கிடையாது.

> ஸ்லீவ் என்பது சட்டையின் கை. குவளைக்கை என்று நேராகவே சொல்லலாமே?

ஐயா, இதில் ஒரு சிக்கல். குவளையின் கை என்றால் நமக்கு அதன் பிடிதான் நினைவுக்கு வரும். அந்தப் பிடி இல்லாததால்தானே இந்த வளையமே தேவைப்பட்டது. மூலமொழியின் உருவகத்தை அப்படியே தூக்கி வைத்தால் இப்படி எதிர்ப்பொருள் வந்துவிடுகிறது. மடல்களில் வந்த குவளைச்சட்டை எனக்கும் பிடித்திருந்தது; வணிகப் பெயராக அழகாக இருக்கும். ஆனால் உறுப்புகளுக்குப் பெயர் வைக்கும்போது சட்டையின் மடிப்பு, சட்டையின் வாய் என்று துணிக்கடைப் பேச்சாகிவிடுகிறது.

> வெப்பத்தடுப்புப் பட்டை. வேலையும் வடிவமும் ஒரே பெயரில் வந்துவிடும்.

இதுதான் என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. பட்டை என்றதும் நீளமான, நேரான, ஒரே அகலமுள்ள துண்டு ஒன்று கண்ணில் வருகிறது. அப்படி ஒன்றைச் செய்தே பார்த்தேன். பழைய அட்டைப்பெட்டி ஒன்றில் 60 மில்லிமீட்டர் அகலத்துக்கு நேர்த்துண்டு வெட்டி, கப்பைச் சுற்றி ஒட்டினேன். மேல்விளிம்பு கப்பை இறுக்கிப் பிடித்தது. கீழ்விளிம்போ விரலை விடும் அளவுக்கு விலகி நின்றது. கையில் எடுத்ததும் அந்த இடைவெளி அமுங்கி வளையம் ஒருபக்கமாகச் சாய்ந்தது. கப் மேலே அகன்று கீழே குறுகியது. நேர்த்துண்டை வளைத்தால் உருளைதான் கிடைக்கும், கூம்பு கிடைக்காது.

சரியான துண்டு விசிறிபோல வளைந்திருக்க வேண்டும். கணக்கு எளிது. வாய் விட்டம் 90 மி.மீ., அடி விட்டம் 60 மி.மீ., சாய்வுயரம் 110 மி.மீ. உள்ள கப் என்று வைத்துக்கொள்ளுங்கள். விட்டங்களின் வேறுபாட்டைச் சாய்வுயரத்தால் வகுத்து 180-ஆல் பெருக்கினால் விசிறியின் கோணம் வரும்: சுமார் 49 டிகிரி. வெளிவில்லின் ஆரம் 330 மி.மீ., உள்வில்லின் ஆரம் 220 மி.மீ. இது கப்பின் பக்கச்சுவர் முழுவதன் விரிப்பு. நமக்கு வேண்டிய துண்டு அதன் நடுவிலிருந்து வருகிறது. அதே மையம், அதே கோணம். ஒட்டுவதற்கு ஓர் ஓரமும், அட்டையின் தடிமனுக்காகச் சிறிது தளர்வும் கூட்டிக்கொள்ள வேண்டும். இந்த விசிறி வடிவத்தை மாணவர் முதல் நாளிலேயே புரிந்துகொள்ள வேண்டும். பட்டை என்ற பெயர் அதை மறைக்கிறது.

அப்புறம் வெப்பத்தடுப்பு. எதைத் தடுக்கிறது, யாருக்காக என்பதைப் பார்க்க வேண்டும். பானம் ஆறாமல் இருக்கத்தான் இது என்று பலர் நினைக்கிறார்கள். திறந்த கப்பில் சூட்டின் பெரும்பகுதி மேலே ஆவியோடு போய்விடுகிறது. அதைக் காப்பது மூடி. இந்த வளையம் கைக்காக. தோல் 44 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேறும்போதே வலி தொடங்கிவிடும். கப்பில் ஊற்றும் பானம் 70, 80 டிகிரியில் இருக்கலாம். கப்பின் தாள் சுவர் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. அந்த மெல்லிய சுவருக்கும் விரலுக்கும் நடுவில் ஒரு மில்லிமீட்டர் காற்றை நிறுத்தி வைப்பதுதான் இதன் வேலை முழுவதும்.

அந்தக் காற்றை நிறுத்த இரண்டு வழிகள் உண்டு. தாளில் சின்னச் சின்னக் குமிழ்களாகப் புடைக்க வைப்பது ஒன்று. நெளிந்த தாளை ஒரு சமதளத் தாளின்மேல் ஒட்டுவது இன்னொன்று. பயன்படுத்திய ஒன்றை நகத்தால் பிரித்துப் பாருங்கள்: வெளியே வழவழப்பான க்ராஃப்ட் தாள், உள்ளே வரிவரியாக நெளிவு. ஒவ்வொரு வரியின் உச்சி மட்டுமே கப்பைத் தொடுகிறது, மீதி எல்லாம் காற்று. வரிகள் மேலிருந்து கீழாக நிற்பதையும் கவனியுங்கள். அட்டை வரியின் திசையை ஒட்டித்தான் எளிதில் வளையும். வரிகளைக் குறுக்கே வைத்து வளைத்தால் மடங்கி ஒடிந்துவிடும்.

அசையாத காற்றின் வெப்பக்கடத்துதிறன் 0.026 வாட்/(மீட்டர்·கெல்வின்), நீரினுடையது அதே அலகில் 0.6. இருபது மடங்குக்கும் மேல் வேறுபாடு. விளிம்பில் வழிந்த பானத்தில் அட்டை நனைந்துவிட்டால் கை சுடுவது இதனால்தான். நனைந்த இடத்தில் காற்றுக்குப் பதில் நீர் இருக்கிறது, நெளிவும் தளர்ந்து தட்டையாகிவிடுகிறது. நூலில் இந்தப் பத்தியை எழுதியபோதுதான் எனக்குச் சொல் கிடைத்தது.

காப்பு.

மின்சாரத்துக்கு மின்காப்பு என்கிறோம், வெப்பத்துக்கு வெப்பக்காப்பு என்கிறோம். இந்தப் பொருளின் வேலை அதுவே. அதோடு காப்பு என்றால் கையில் அணியும் வளையம். இரண்டு பக்கமும் திறந்தது, ஒன்றைச் சுற்றி நிற்பது, கழற்றக்கூடியது. வடிவமும் வேலையும் ஒரே சொல்லில் ஏற்கெனவே சேர்ந்திருக்கின்றன. நாம் ஒட்டுப்போட வேண்டியதில்லை. கைக்காப்பு கை அணிவது, குவளைக்காப்பு குவளை அணிவது.

கழற்றக்கூடியது என்பதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், இந்த அட்டை வளையம் இன்றைய வடிவில் பரவியதே அந்த எண்ணத்தில்தான். அமெரிக்காவின் போர்ட்லண்டைச் சேர்ந்த ஜே சோரன்சன் என்பவர் 1989-இல் சூடான காப்பிக் கப்பைப் பிடிக்க முடியாமல் மடியில் கொட்டிக்கொண்டார். முதலில் அவர் கப்பையே காப்புள்ளதாக மாற்றத்தான் பார்த்தார். எல்லாப் பானத்துக்கும் அவ்வளவு காப்புத் தேவையில்லை. தேவைப்படும் கப்புக்கு மட்டும் தனியாக ஒன்றைப் போட்டால் போதும் என்று அப்புறம் தெளிந்தார். 1995-இல் காப்புரிமை கிடைத்தது. அதன் முன்பு இரண்டு கப்பை ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டுக் கொடுப்பார்கள்; ஒரு முழுக் கப் வீணாகும். தனிப்பொருளாக நிற்பதுதான் இதன் சிறப்பு. காப்பு அதையும் சொல்கிறது.

> காப்பி, காப்பு, காப்பிக்கு, காப்புக்கு... காதில் குழம்பாதா?

நியாயமான ஐயம், அம்மா. அதனால்தான் 'காப்பிக் காப்பு' என்று யாரும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். முதல் முறை குவளைக்காப்பு என்று முழுதாக எழுதிவிட்டு, பிறகு காப்பு என்று சுருக்கலாம். காப்பீடு, காப்புரிமை, பாதுகாப்பு என்று நாள்தோறும் சொல்கிறோம். யாருக்கும் பானம் நினைவுக்கு வருவதில்லை. உள்ளே இருப்பது தேநீராகவோ சூப்பாகவோகூட இருக்கலாம். பானத்தின் பெயரைச் சேர்க்க வேண்டிய தேவையே இல்லை.

'குவளையைக் காப்பது' என்று யாராவது தவறாக எடுத்துக்கொள்வார்களோ என்று இன்னொருவர் கேட்டிருந்தார். கைக்காப்பைக் கையைப் பாதுகாக்கும் கருவி என்று யாரும் நினைப்பதில்லையே. கோப்பையா குவளையா என்பதில் நான் பிடிவாதமாக இல்லை. ஆனால் கோப்பை என்றால் விளையாட்டுப் பரிசும் நினைவுக்கு வரும். பிடியில்லாத ஏனத்துக்குக் குவளை என் காதுக்கு இன்னும் இயல்பாக இருக்கிறது.

மற்ற பெயர்களை இப்படி வைத்திருக்கிறேன். காப்பு போட்ட கப், காப்பணிந்த குவளை. சுவரிலேயே காற்றிடை உள்ளது, இரட்டைச்சுவர்க் குவளை. ஒட்டும் ஓரம், ஒட்டுமடி. தட்டையாக அடுக்கி அனுப்புவதற்காக விழும் இரண்டு கோடுகள், மடிகோடுகள். பட்டறையில் க்ரீசிங் என்பார்கள். அதையும் ஒருமுறை தமிழ் எழுத்தில் தந்துவிடுவேன், மாணவர் நாளைக்கு அங்கே போய் நிற்கும்போது திகைக்கக் கூடாது. விசிறித் துண்டை வெட்டும் அச்சுக்கு, அதாவது பட்டறையில் டை என்பதற்கு, வெட்டச்சு.

நெளிந்த தாளின் ஒவ்வொரு நெளிவையும் குறிக்கும் ஃப்ளூட் மட்டும் இன்னும் தீரவில்லை. நெளிவு, வரி என்று மேலே கலந்துதான் எழுதியிருக்கிறேன், பார்த்திருப்பீர்கள். நெளி, அலை என்ற இரண்டும்கூட மனத்தில் இருக்கின்றன. நெளியட்டை என்றால் அட்டைக்குச் சரியாக இருக்கிறது. ஆனால் ஒற்றை நெளிவின் உயரத்தைச் சொல்ல 'நெளியுயரம்' என்றால் நாக்கு தடுக்குகிறது. அலை என்றால் அலையுயரம், அலைநீளம் என்று இயற்பியல் நூலில் உள்ள சொற்கள் அப்படியே கைகொடுக்கும். ஆனால் அலை நகரும். அட்டையில் உள்ளது நகராது. பெட்டி செய்யும் இடங்களில் வேலை பார்த்தவர்கள் நம் குழுவில் இரண்டு மூன்று பேர் இருக்கிறீர்கள். அங்கே வாயில் என்ன சொல் வருகிறது என்று எழுதினால், அதையே எடுத்துக்கொள்ளத் தயாராக இருக்கிறேன்.

அன்புடன்.