உப்பிட்டுப் பிரித்த வெள்ளி தட்டும்போது வெடிக்கிறது: எது கலந்திருக்கும்?

பட்டறைக்காரன், யங்கூன்
பெரியவர்களுக்கு வணக்கம். ஆலைகளிலிருந்து வந்த பழைய காண்டாக்டர்களின் (மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் பெரிய சுவிட்சுகளின்) வெள்ளி முனைகளை, அவற்றில் ஒட்டியிருந்த ஈயப்பற்றை நீக்காமலே வெண்காரமிட்டு உருக்கி, நைட்ரிக் திராவகத்தில் கரைத்து, உப்புநீர் விட்டு இறங்கிய தயிர் போன்ற படிவை இருமுறை குளிர்ந்த நீரில் கழுவி, துத்தநாகத் தகடிட்டு வெள்ளித் தூளாக்கினேன். வார்த்த கட்டி பார்வைக்கு நன்றாகவே இருந்தது. சுத்தியல் பட்டதும் ஓரங்கள் வெடித்தன. செம்பு நீரோடு போயிருக்குமே, பிறகு எது தங்கியது?

பழைய உலைக்காரர், மாந்தலே
காரீயம்தான், தம்பி. உப்பு விட்டதும் செம்பு, துத்தநாகம், நிக்கல் ஆகியவை நீரில் நின்றுவிடும். ஈயமோ வெள்ளியோடு சேர்ந்து குளோரைடாக இறங்கும். வட ஷான் மாநிலத்துப் பாட்வின் சுரங்கத்தில் ஒரே தாதுவில் கிடக்கும் இவ்விரண்டும் பட்டறையிலும் அவ்வளவு எளிதில் பிரிவதில்லை. ஈயக் குளோரைடு குளிர்ந்த நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 10 கிராமும், கொதிநீரில் 33 கிராமும் கரையும். வெள்ளிக் குளோரைடு இரண்டிலும் கரைவதில்லை என்றே கொள்ளலாம். ஆகவே கொதிநீர் ஊற்றிக் கலக்கி, படிவு அடங்கியதும் சூடு குறையுமுன் வடித்துவிடுங்கள். வடித்த நீர் ஆறும்போது ஊசி ஊசியாக வெண்படிகம் தோன்றுவது அறவே நிற்கும்வரை கழுவலை நிறுத்தக் கூடாது. பற்றிலுள்ள வெள்ளீயம் திராவகத்தில் கரையாமல் வெண்சேறாகத் தங்கும். உப்பு விடுமுன்பே அதை வடிகட்டிவிட வேண்டும்.

துத்தநாகத்தை விடக் காஸ்டிக் சோடாவும் சர்க்கரையும் மேல் என்பது என் எண்ணம். புதிய உலோகம் உள்ளே வராது. மிஞ்சிய ஈயத்திலும் ஓரளவு காஸ்டிக்கில் கரைந்து வெளியேறும்.

ஆய்வுக்கூட ஊழியர், மோல்மேன்
ஐயா சொன்னது சரியே. ஆனால் முனைகளை முதலில் உருக்கியதாக எழுதியிருப்பதுதான் என்னைக் கலங்கச் செய்கிறது. பழைய காண்டாக்டர் முனைகள் பலவற்றில் 10 முதல் 15 விழுக்காடு காட்மியம் ஆக்சைடு கலந்திருக்கும். வெள்ளி உருகுவது 962 பாகை செல்சியஸில். காட்மியமோ 767 பாகையிலேயே கொதித்துப் புகையாகிவிடும். அப்புகையை இழுத்தவருக்குச் சில மணி நேரம் கழித்தே சளிக்காய்ச்சல் போலத் தொடங்கும் உபாதை நுரையீரலைக் கெடுத்து உயிரையும் வாங்கக்கூடும். முனைகளை உருக்காமல், நல்ல காற்றோட்டத்தில் நேரே திராவகத்தில் இடுங்கள். காட்மியம் தங்கிய அந்த நீரையும் சாக்கடையில் விடாதீர்கள்.

பட்டறைக்காரன், யங்கூன்
அன்று மூசையிலிருந்து பழுப்புப் புகை எழுந்தது. வெண்காரத்தின் புகை என்று நினைத்துவிட்டேன். பாதிக் கட்டியை மறுபடி கரைத்து உப்பிட்டுக் கொதிநீரில் கழுவினேன். முதல் மூன்று கழுவல்களிலும் ஊசிகள் வந்தன. நான்காவது நீர் இன்னும் ஆறவில்லை.