புதுப்பிப்பு: பையனின் விதைப்பை வீக்கம், ஆபரேஷன் முடிந்தது

பையன் பிறந்தபோதே வலது விதைப்பை கறுநீலமாக, கல் மாதிரி கெட்டியாக இருந்தது, ஆனால் தொட்டால் அழவில்லை என்று எழுதியிருந்தேன். பலர் ‘ஹைட்ரோசீல்தான் (விதைப்பையில் நீர் கோத்துக்கொள்வது), தானாக வற்றிவிடும்’ என்றீர்கள்.

அது இல்லை. டார்ச் அடித்துப் பார்த்தார் குழந்தைகள் அறுவை மருத்துவர். நீர் கோத்திருந்தால் வெளிச்சம் ஊடுருவித் தெரியுமாம், இங்கே தெரியவில்லை. டாப்ளர் ஸ்கேனில் அந்த விதைக்கு ரத்த ஓட்டமே இல்லை. சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பியையும் பார்த்தார்கள். அங்கே ரத்தம் கசிந்தாலும் விதைப்பை நீலமாகுமாம். இது எனக்குப் புதுச் செய்தி.

பையன் தாய் வயிற்றில் இருக்கும்போதே விதை திருகி, அதற்குப் போகும் ரத்தம் நின்றுவிட்டிருக்கிறது. இந்தப் பருவத்தில் விதையின் உறை விதைப்பையோடு சரியாக ஒட்டியிருக்காது, அதனால் உறையோடு மொத்தமாகத் திருகிவிடுகிறது. இப்படிப் பிறக்கும் குழந்தைகளில் அந்த விதை பிழைப்பது அபூர்வம். எங்களுக்கும் பிழைக்கவில்லை, எடுத்துவிட்டார்கள். மனசு ஆறவில்லை.

இடது விதை திருகாதபடி தைத்திருக்கிறார்கள். சிலருக்கு இரண்டு பக்கமும் திருகுமாம், அதற்காகவே அவசரப்படுத்தினார்கள். ஹார்மோனுக்கும் பிற்காலத்தில் குழந்தை பிறப்பதற்கும் ஆரோக்கியமான ஒரு விதை பொதுவாகப் போதும்.

பேரனுக்கு இதேபோல் இருக்கிறது என்று கேட்ட அக்கா, அழவில்லையே என்று காத்திருக்காதீர்கள். இன்றைக்கே காட்டுங்கள்.