புதுப்பிப்பு: துபாயில் கீழக்கரைத் தொதல் இறுகிவிட்டது

டின் தேங்காய்ப்பாலில் கிண்டும் தொதல் (அல்வா மாதிரி ஓர் இனிப்பு) எண்ணெய் விடாமல் கஞ்சியாகவே நிற்கிறதே என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

அரிசி மாவைக் கூட்டிப் பார்த்தேன். கொழுக்கட்டை மாதிரி ஆனது. பலித்தது ஏர்வாடி லாத்தா (அக்கா) ஒருவர் சொன்ன வழிதான்: தேங்காயைத் துருவிப் பிழிந்த பால். பல டின்களில் பால் திரிந்து பிரியாமலிருக்க ஏதாவது சேர்க்கிறார்கள், அதனால் எண்ணெயும் எளிதில் பிரிவதில்லை. புதுப்பாலில் அரிசி மாவு, வடிகட்டிய கருப்பட்டிப் பாகு, ஊறிய ஜவ்வரிசி சேர்த்துச் சிறுதீயில் விடாமல் கிண்ட, சட்டியில் ஒட்டாமல் சுருண்டு எண்ணெய் கக்கியது. (கை வலி தனிக்கதை.) எண்ணெயை வடித்துத் தட்டில் கொட்டி, நன்றாக ஆறிய பிறகு வெட்டுங்கள்.

எதிர்பாராதது அந்த எண்ணெய்தான். கருப்பட்டி வாசம்! தோசைக்கு ஊற்றினேன், பிள்ளைகள் தொதலை விட்டுவிட்டு அதற்குச் சண்டை போடுகிறார்கள்.