புதுசா பச்சை குத்தின கை, வீட்டுல நாய். என்ன செய்ய?

கேள்வி (ஹட்டன்)
மூணு நாளைக்கு முந்தி முன்கையில அம்மாச்சி பேரைப் பச்சை குத்திக்கிட்டேன். நாப்பது வருஷம் கொழுந்து பறிச்சவங்க, அதனால பேருக்குக் கீழ ரெண்டு இலை ஒரு மொட்டு. எங்க லயத்துல (தோட்டத்து வரிசை வீடு) ஒரே காம்பரா (அறை). எங்க நாய் மணி குளிருக்கு என் கம்பளிக்குள்ளதான் படுப்பான். விடியக்காலையில பார்த்தா மை கசிஞ்ச இடத்துல அவன் முடி நாலு ஒட்டியிருக்கு, நக்கிக்கிட்டும் இருக்கான். பயமா இருக்கு.

பதில் (நுவரெலியா)
தங்கச்சி, உடனே சவர்க்காரம் போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிஷம் கழுவுங்க. முடியைப் பிய்க்காதீங்க, தண்ணியோட போயிரும். மணிக்கு விசர் (வெறிநோய்) தடுப்பூசி போட்டிருக்கா? ஆறாத காயத்தை நாய் நக்கினா கடிச்ச மாதிரித்தான். ஊசி போட்ட அட்டை இருந்தா எடுத்துக்கிட்டு இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க. நாய் நக்கினா புண் ஆறும்னு யாரும் சொன்னா கேக்காதீங்க.

பதில் (பண்டாரவளை)
மேல்தோல் ஆற ரெண்டு மூணு கிழமை ஆகும். அதுவரை மணிக்கு வாசல்ல சாக்கு விரிச்சுப் படுக்க வைங்க. தளர்வான நீளக்கை பருத்திச் சட்டை, துவைச்ச விரிப்பு. களிம்பை மெல்லிசா பூசுங்க, அவன் நக்கினா அவனுக்கும் ஆகாது. சிவப்பு பரவினா, சீழ் வந்தா, காய்ச்சல் அடிச்சா காத்திருக்காதீங்க.

கேட்டவர்
அட்டை கிடைச்சிருச்சு, ஊசி போன வருஷம் போட்டது. பஸ்ஸுக்கு நிக்கிறேன்.